வல்லம் தந்த கணித மேதை

நுழையும்முன்

பட்டப்படிப்பை முடித்த ஏழை மாணவர் ஒருவர் ஆய்வுக்குச் செல்ல விரும்பினால், அவர்முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எதை ஆராய்வது என்பது ஒன்று. ஆராயும் ஆண்டுகளில் எதைக்கொண்டு உண்பது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அறிவு விடை தரும். இரண்டாவதற்கு உதவித்தொகையே விடை. பெற்றோரை இளமையிலேயே இழந்து, ஆசிரியர் ஒருவரின் கொடையாலும் அடுத்தடுத்துக் கிடைத்த உதவித்தொகைகளாலும் கற்று, உலகக் கணித அறிஞர் வரிசையில் இடம்பெற்ற நெல்லைச் சீமை அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆறு கூடும் ஊரும் ஆறு தொடங்கும் ஊரும்

திருநெல்வேலிக்கு வடகிழக்கே அமைந்துள்ள சீவலப்பேரியைத் தமிழ் மாணவர்கள் வேறொரு பெயரால் அறிவார்கள். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூரே. தாமிரபரணியும் சிற்றாறும் மற்றோர் ஓடையும் இங்கு ஒன்றுசேர்வதால் அப்பெயர் ஏற்பட்டது. (அம்பாசமுத்திரம் பக்கத்தில் இன்று முக்கூடல் என்று வழங்கும் ஊர் வேறு, இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.) சீவல்லபன் என்னும் பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே சீவலப்பேரி என்று மருவியது என்பர்.

இங்கே வந்து பொருநையில் கலக்கும் சிற்றாற்றை அதன் தோற்றுவாய் நோக்கிப் பின்தொடர்ந்தால் கங்கைகொண்டானையும் தென்காசியையும் கடந்து குற்றால மலையை அடையலாம். அம்மலையடிவாரத்தில், குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் அருகில் உள்ள சிற்றூர் வல்லம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தின் ஊராக அறியப்பட்ட இது இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவரே சிவசங்கரநாராயண பிள்ளை. கணித நூல்கள் அவரை எஸ். எஸ். பிள்ளை என்றே குறிப்பிடுகின்றன.

தாயின் பெயரும் மகனின் பெயரும் அப்பகுதி மக்களுக்கு நன்கு அறிமுகமானவை. சங்கரன்கோவிலில் அரனும் அரியும் ஓருருவாக நிற்கும் இறைவன் சங்கரநாராயணர். அங்குள்ள அம்மை கோமதி. நெல்லைச் சீமையின் வீடுகளில் இப்பெயர்கள் இன்றும் தலைமுறைதோறும் தொடர்கின்றன.

இளமையில் நேர்ந்த இழப்புகள்

குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த அளவில் கோமதி அம்மாள் மறைந்தார். தந்தையும் உறவினரான முதிய பெண்மணி ஒருவரும் குழந்தையை வளர்த்தனர். தொடக்கத்தில் வீட்டிலேயே கல்வி கற்ற சிறுவர், பின்னர்ச் செங்கோட்டையில் இருந்த நடுநிலைப்பள்ளியில் சேர்ந்தார்.

செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்ட 1956ஆம் ஆண்டில்தான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது. பிள்ளையின் கல்வி பின்னர் எத்திசையில் சென்றது என்பதை உணர இச்செய்தி உதவும்.

அப்பள்ளியில் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் இருந்தார். பிறர் சொன்னதை அப்படியே ஒப்பிக்காமல் தாமே எண்ணிப் பார்க்கும் இயல்பும், எடுத்த பாடத்தை விடாது பற்றும் உழைப்பும் அம்மாணவரிடம் இருந்ததை அவர் கண்டுகொண்டார். திறமையைக் கண்டுகொள்ளும் ஆசிரியர்கள் பலர் உண்டு. சாஸ்திரியார் அதற்கு மேலும் ஒரு பொறுப்பை ஏற்கவேண்டிய காலம் விரைவில் வந்தது.

பிள்ளை பள்ளியின் இறுதி வகுப்பில் பயின்றபோது தந்தையும் காலமானார். தாய் இல்லை, தந்தையும் இல்லை. பள்ளியிறுதித் தேர்வு கண்முன் நின்றது. இந்நிலைக்கு ஆளான சிற்றூர் மாணவர் பள்ளியை விட்டு விலகி, கடையிலோ கணக்கு எழுதும் பணியிலோ சேர்வதே அக்காலத்தின் வழக்கமான முடிவு. அவ்வாறு நின்றுபோன கல்விகளுக்குக் கணக்கில்லை. அவற்றை எழுதி வைத்தவரும் இல்லை.

ஆசிரியரின் ஊதியம்

சாஸ்திரியார் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அம்மாணவரின் கல்விக்குக் கொடுத்தார். பள்ளி ஆசிரியரின் ஊதியம் அந்நாளில் சிறிது. ஒரு குடும்பத்தைத் தாங்கவே அது போதாத நிலையில், குருதி உறவு இல்லாத ஒரு மாணவருக்கும் அதிலிருந்து பங்கு ஒதுக்கப்பட்டது. இதற்கு விண்ணப்பம் இல்லை, தேர்வுக்குழு இல்லை, அறக்கட்டளையின் பெயரும் இல்லை. எனினும் சிவசங்கரநாராயண பிள்ளை வாழ்வில் பெற்ற முதல் உதவித்தொகை இதுவே என்று கூறுவது பொருந்தும். அவருக்குப் பின்னர்க் கிடைத்த உதவிகள் அனைத்தும் இதன்மேல் எழுந்தவையே.

தாமிரபரணிக் கரையில் வாழ்வோர்க்கு ஒன்று தெரியும். ஆற்றில் நீர் நிறைந்து ஓடினாலும் அணையும் காலும் குளமும் மடையும் இல்லாவிடின் வயலுக்கு அது எட்டாது. கால் ஓரிடத்தில் உடைந்தாலும் கடைமடை காயும். கல்வி உதவியும் இத்தகையதே. பள்ளிக்கு ஒருவர், கல்லூரிக்கு மற்றொருவர், ஆய்வுக்கு வேறொருவர் என்று தொடர்ந்து கைகொடுத்தால்தான் திறமை கடைசிவரை சென்று சேரும். பிள்ளையின் வாழ்வில் அத்தொடர் அறுபடாமல் அமைந்தது. அது பெரிதும் அரிதான ஒரு நிகழ்வு.

நாகர்கோவிலும் திருவனந்தபுரமும்

பள்ளிப்படிப்பு முடிந்தபின் பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். இன்றைய மேல்நிலைக் கல்விக்கு ஒப்பான ஈராண்டு வகுப்பு அது. அந்நாளில் கல்லூரிகளிலேயே நடத்தப்பட்டது. இலண்டன் மிஷன் சங்கத்தாரின் கல்விப்பணியில் வளர்ந்த அக்கல்லூரியும் திருவிதாங்கூர் எல்லைக்குள்ளேயே இருந்தது. நாகர்கோவிலுக்கு அன்று இரயில் பாதை இல்லை.

அடுத்துத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலை பயின்றார். இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்குவது அதுவே. அங்கே அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆசிரியர் ஒருவரின் தனிப்பட்ட கொடையிலிருந்து நிறுவனம் வழங்கும் உதவிக்கு அவர் வந்து சேர்ந்த கட்டம் இது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அன்பினால் கொடுப்பவர் மதிப்பெண் கேட்பதில்லை. நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகையோ தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டது. ஒரு பாடத்தில் தவறினாலும் அது நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்றதால் ஒரு பெரும் அறிஞர் பட்ட துன்பத்தை இங்கே நினைவுகூர்வது தேவையாகிறது. பிள்ளைக்கு முன்னே சென்று, அவருக்கு அடுத்த கதவைத் திறந்துவைத்தவரும் அவரே.

75 ரூபாய் திறந்த கதவு

சீனிவாச இராமானுஜன் 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் ஈடுபட்டதால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோனது. கட்டணம் செலுத்த இயலாமல் கல்லூரியை விட்டு நீங்கினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பட்டம் இல்லாத அவருக்கு எந்த நிறுவனமும் உதவ வழியில்லை. நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்து அவரைச் சிலகாலம் காத்தார். செங்கோட்டைச் சாஸ்திரியார் தம் மாணவருக்குச் செய்ததையே இராமச்சந்திர ராவ் இராமானுஜனுக்குச் செய்தார். பிறர் உதவியில் நெடுநாள் வாழ விரும்பாத இராமானுஜன், 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அவருடைய கணிதத்தின் தகுதியை உணர்ந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை செய்தனர். வானிலை ஆய்வுத்துறைத் தலைவராக விளங்கிய கில்பர்ட் வாக்கர் அவர்களுள் ஒருவர். ஆய்வு உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனிடம் இளங்கலைப் பட்டமும் இல்லை. எனினும் சென்னைப் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஈராண்டுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க முடிவு செய்தது. எழுத்தர் ஊதியத்தைப்போல் இரண்டரை மடங்கு அத்தொகை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை அளிக்கவேண்டும் என்பதே அவருக்கு விதிக்கப்பட்ட கடமை. மறுஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் செல்வதற்கும் அப்பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்கியது. அதிலிருந்து மாதம் 60 ரூபாயைத் தம் பெற்றோருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டே இராமானுஜன் கப்பலேறினார். உதவித்தொகை ஒன்று வீட்டின் அடுப்பையும் சேர்த்துக் காக்கவேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வு மாணவர் இராமானுஜனே. 1920ஆம் ஆண்டு தம் 32ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆனால் கணித ஆய்வுக்கெனப் பல்கலைக்கழகம் பணம் செலவிடலாம் என்னும் மரபு அவரோடு மறையவில்லை.

சென்னையில் ஆய்வு

1927ஆம் ஆண்டு சிவசங்கரநாராயண பிள்ளைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. வல்லத்தில் பிறந்து செங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்தவருக்குச் சென்னை முற்றிலும் புதிய உலகம். தாய் தந்தையற்ற ஒருவர், வயிற்றுக்கவலை இன்றி, விரும்பிய துறையில் நாள் முழுவதும் உழைக்கும் உரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

அவருக்கு வாய்த்த வழிகாட்டிகள் இருவர். ஒருவர், கே. ஆனந்தராவ். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்திலேயே அங்குப் பயின்று, ஹார்டியின் வழிகாட்டலில் ஆராய்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானவர். மற்றவர், பிரித்தானியாவில் ஆய்வுப் பயிற்சி பெற்ற ஆர். வைத்தியநாதசுவாமி. இராமானுஜன் கடல் கடந்து தேடிச்சென்ற கணிதம் இவர்கள் வழியே சென்னைக்கு வந்திருந்தது. பிள்ளை அதைப் பெறக் கடல் கடக்கவேண்டிய தேவை எழவில்லை. ஒருவருக்கு அளித்த உதவித்தொகையின் பயன் அவரோடு நில்லாமல் அடுத்த தலைமுறைக்கும் வந்து சேர்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பிள்ளை தேர்ந்தெடுத்த துறை எண் கோட்பாடு. 1, 2, 3 என்று குழந்தை எண்ணத் தொடங்கும் எண்களின் இயல்புகளை ஆராயும் துறை அது. ஆய்வுக்கூடமோ கருவிகளோ அதற்குத் தேவையில்லை. தாளும் எழுதுகோலும் நல்ல நூலகமும் ஓய்வும் போதும். இவற்றுள் ஏழைக்குக் கிட்டாதது ஓய்வு. உதவித்தொகை விலைகொடுத்து வாங்கித் தந்தது அதைத்தான்.

தெரியுமா?

இந்தியாவில் இன்று ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகைகள் பெரும்பாலும் நாடு தழுவிய தேர்வுகள் வழியே வழங்கப்படுகின்றன. அறிவியல் பாடங்களுக்கு அறிவியல் தொழிலக ஆய்வுக் குழு, பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவற்றின் சார்பில் நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்வில் உயர்நிலை பெறுவோர் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெறுகின்றனர். கணிதத்தில் முதுகலைப் படிப்புக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் உயர் கணிதத்துக்கான தேசிய வாரியம் தனியே உதவித்தொகை வழங்குகிறது.

சிதம்பரத்தில் விளைந்த பெரும்பணி

உதவித்தொகை காலவரையறைக்கு உட்பட்டது. அது முடிந்தபின் என் செய்வது என்னும் கவலை ஆய்வு மாணவரை என்றும் விட்டதில்லை. பிள்ளையின் நல்லூழ், 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டே அவர் அங்கு விரிவுரையாளரானார். 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அவருடைய புகழுக்குக் காரணமான ஆய்வுகள் பெரும்பாலும் அங்கே நிகழ்ந்தவை. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் அறிஞர் பட்டத்தையும் வழங்கியது.

அவ்வாய்வுகளுள் தலையாயது வாரிங் கணக்கு எனப்படுவது. அதைப் பதினோராம் வகுப்பு மாணவர் எளிதில் உணரலாம்.

7 என்னும் எண்ணை வர்க்க எண்களின் கூடுதலாக எழுத முயல்வோம். 4 + 1 + 1 + 1 என நான்கு வர்க்கங்கள் தேவைப்படுகின்றன, மூன்றால் இயலாது. எந்த எண்ணை எடுத்தாலும் நான்கு வர்க்கங்களே போதும் என்பதை 1770ஆம் ஆண்டு லக்ராஞ்சு நிறுவினார். அதே ஆண்டில் எட்வர்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர், கன எண்களாயின் ஒன்பதும் நான்காம் படியாயின் பத்தொன்பதும் போதும் என்றும், எந்தப் படிக்கும் இவ்வாறு ஓர் எல்லை உண்டு என்றும் மெய்ப்பிப்பு இன்றி எழுதிவைத்தார். 23 என்னும் எண்ணைக் கனங்களாகப் பிரித்தால் இரண்டு 8களும் ஏழு 1களுமாக ஒன்பது வருவதைக் காணலாம். அத்தகைய எல்லை ஒவ்வொரு படிக்கும் உண்டு என்பதை 1909ஆம் ஆண்டு ஹில்பர்ட் மெய்ப்பித்தார். ஆனால் எல்லை உண்டு என்று அறிவதும், அது எத்தனை என்று சொல்வதும் வேறுவேறு.

எத்தனை என்று சொல்லும் பணியில் பிள்ளை இறங்கினார். ஹார்டியும் இராமானுஜனும் தொடங்கிவைத்த ஒரு வழிமுறையை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்தனர். உருசிய அறிஞர் வினோகிராதவ் அதை மேலும் கூர்மையாக்கினார். அக்கருவியைக் கொண்டு, 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஏழாம் படி முதலாக உள்ள படிகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, பிள்ளை விடை கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரும் அதே முடிவை அடைந்தார். இருவரும் தனித்தனியே உழைத்தவர்கள். ஒருவர் பின்னால் செல்வச் செழிப்புமிக்க பல்கலைக்கழகமும் மாணவர் கூட்டமும் இருந்தன. மற்றவர் தோன்றி ஆறேழு ஆண்டுகளே ஆன பல்கலைக்கழகம் ஒன்றின் விரிவுரையாளர். அவர்தம் கட்டுரைகள் சில அப்பல்கலைக்கழகத்தின் ஆய்விதழிலேயே வெளியாயின. அதனால் மேனாட்டார் பார்வைக்கு அவை எளிதில் எட்டவில்லை என்றே கருதத் தோன்றுகிறது.

ஆறாம் படி அப்போதும் எஞ்சி நின்றது. 1940ஆம் ஆண்டு பிள்ளை அதற்கும் விடை கண்டார். எந்த எண்ணையும் 73 ஆறாம் படி எண்களின் கூடுதலாக எழுதலாம் என்பதே அம்முடிவு. 73க்குக் குறைந்தால் ஏன் போதாது என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 3இன் ஆறாம் படி 729. அது 703ஐ விடப் பெரிது. ஆகவே 2இன் ஆறாம் படியாகிய 64ஐயும் 1ஐயும் மட்டுமே பயன்படுத்த இயலும். பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கு அறுபத்துமூன்று 1கள் வேண்டும். ஆக மொத்தம் 73. இவ்வளவு எளிது. ஆனால் 703 மட்டுமன்றி முடிவில்லாது நீளும் எல்லா எண்களுக்கும் 73 போதும் என மெய்ப்பிப்பது எளிதன்று. அதைச் செய்தவர் பிள்ளை.

அவர் நிறுவிய மற்றொரு முடிவும் சுவையானது. அடுத்தடுத்து வரும் எண்களை 16 வரை எத்தனை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக அமையும். 17 எண்களை எடுத்தால் இவ்விதி தவறக்கூடும். 2184 முதல் 2200 வரை உள்ள எண்கள் அதற்கு எடுத்துக்காட்டு. 4, 8, 9, 16, 25, 27, 32 என்று வரும் முழுப்படி எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி போகப்போக எல்லையின்றிப் பெருகும் என்றும் அவர் ஊகித்தார். பிள்ளையின் ஊகம் எனப்படும் இது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. உலகின் பல நாட்டுக் கணித அறிஞர்கள் வல்லத்தில் பிறந்தவரின் பெயரைச் சொல்லி இன்றும் அதனோடு போராடி வருகின்றனர்.

கொல்கத்தாவில்

1941ஆம் ஆண்டு பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மறுஆண்டே கொல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அழைத்தவர் அங்குக் கணிதத்துறைப் பொறுப்பில் இருந்த லெவி என்னும் ஜெர்மானிய யூதர். நாசி ஆட்சியில் பதவி இழந்து, தாய்நாட்டை நீங்கி, இந்தியாவில் வாழ்வு பெற்றவர் அவர். பிறர் கைகொடுத்ததால் ஆய்வைத் தொடர முடிந்த இருவர் அந்நகரில் ஒரே துறையில் அமர்ந்து பணியாற்றினர். போரும் பஞ்சமும் கலவரமும் பிரிவினையும் கொல்கத்தாவை உலுக்கிய ஆண்டுகள் அவை.

1950

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் உள்ள உயர் ஆய்வு நிறுவனம் உலக அறிஞர்களை அழைத்து, கற்பிக்கும் கடமை ஏதுமின்றி ஆய்வில் மட்டும் ஈடுபட இடமளிப்பது. ஐன்ஸ்டைன் அப்போது அங்கேதான் வாழ்ந்தார். அந்நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய வருமாறு பிள்ளையை அழைத்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் அனைத்துலகக் கணித அறிஞர் மாநாடு ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 6 வரை கூடவிருந்தது. உலகப்போரினால் தடைப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் கூடிய மாநாடு அது. அதில் கலந்துகொள்ளச் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் பேராளராக்கியது. 23 ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகை கொடுத்துத் தன்னிடம் ஆராயவைத்த அதே பல்கலைக்கழகம், இப்போது தன் சார்பில் உலக அவைக்கு அவரை அனுப்பியது.

பிள்ளைக்கு வயது 49. கடல் கடந்து செல்லும் வாய்ப்பு ஆய்வு மாணவராக இருந்தபோது அமையவில்லை, இப்போது அமைந்தது.

பம்பாயிலிருந்து கெய்ரோ, உரோம் வழியாக நியூயார்க் செல்லும் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 903ஆம் எண் விமானத்தில் அவர் சென்றார். மாநாடு தொடங்கிய மறுநாள், ஆகஸ்ட் 31ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அவ்விமானம் கெய்ரோவிலிருந்து மேலெழுந்தது. சிறிது நேரத்தில் அதன் எந்திரம் ஒன்று தீப்பற்றியது. கெய்ரோவுக்கு வடமேற்கே பாலைநில விளிம்பில் விமானம் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளையும் அவர்களுள் ஒருவர். மாநாட்டில் அவருக்காக இருந்த இருக்கை நிரம்பவில்லை. பிரின்ஸ்டனில் அவர் செய்திருக்கக்கூடிய ஓராண்டு ஆய்வு எழுதப்படாமலே போயிற்று.

வாரிங் கணக்கில் அவர் தீர்க்காது விட்ட படிகள் இரண்டு. ஐந்தாம் படிக்கு 37 என்னும் விடையை 1964ஆம் ஆண்டு சீன அறிஞர் சென் சிங்ருன் கண்டார். நான்காம் படிக்கு வாரிங் சொன்ன 19 சரியே என்பதை 1986ஆம் ஆண்டு இரா. பாலசுப்பிரமணியன், பிரெஞ்சு அறிஞர்கள் இருவரோடு சேர்ந்து மெய்ப்பித்தார். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். இதழ்களில் சிதறிக்கிடந்த பிள்ளையின் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக 2010ஆம் ஆண்டு இராமானுஜன் கணிதக் கழகத்தின் வெளியீடாக வந்தன. அவற்றைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தவர்கள் பாலசுப்பிரமணியனும் தங்கதுரையும் ஆவர்.